ஜனவரி 1ந் தேதிச் சூது

"போட்டோகிராபர் கலைஞர், அவருக்குத் தொழிற்சங்கம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு அமெரிக்காவின் ஷட்டர்ஸ்டாக் கம்பெனியின் கதையைச் சொல்வோம்.

உலகெங்குமுள்ள போட்டோகிராபர்கள் அனுப்பும் படங்களை இன்டர்நெட்டில் விற்பது இக்கம்பெனியின் வியாபாரம். காமிரா, லென்ஸ், பிரயாணம், அலைச்சல் யாவும் படம் எடுப்பவர் பாடு.

2020 ஜூனில் கம்பெனி புதிய விகிதத்தைத் திணித்தது. விற்பனை கூடக் கூட 15 சதவிகிதத்திலிருந்து 40 சதவிகிதம் வரை பங்காம்! நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் ஆண்டுதோறும் ஜனவரி 1ந் தேதி எல்லோர் கணக்கும் பூஜ்யத்துக்குத் திரும்பும். பத்து வருஷம் உழைத்தவரும் மறுபடி 15லிருந்தே ஏறவேண்டும். சர்வீஸில் முறிவு காட்டி, நிரந்தரமாக்க மறுக்கும் மில் முதலாளியின் பழைய தந்திரமல்லவா இது? குறைந்தபட்சக் கூலியோ, படம் ஒன்றுக்கு 10 சென்ட்!

பலர் தம் படங்களை விற்பனையிலிருந்து நிறுத்தி எதிர்த்தார்கள். அதுவும் வேலைநிறுத்தம்தான். ஆனால் நாட்டுக்கொருவராய்ச் சிதறிக் கிடந்தவர்களைக் கம்பெனி பொருட்படுத்தவில்லை.

1947ல் ராபர்ட் காபாவும் தோழர்களும் மாக்னம் கூட்டுறவை அமைத்து, படத்தின் உரிமை எடுத்தவருக்கே என்று நிலைநாட்டினர். கானடாவின் ஸ்டாக்ஸி கூட்டுறவும் இதே இன்டர்நெட்டில்தான் 2013 முதல் படங்களை விற்கிறது. சாதாரண விற்பனையில் பாதிப்பணம் எடுத்தவருக்கு. கூட்டுறவால் முதலாளித்துவம் ஒழிந்துவிடாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் பாதி கொடுத்தும் கடை நடக்கும்போது, 15 மட்டும் கொடுப்பவன் மிச்சம் 85க்குக் கணக்குக் காட்டட்டும்! அதைக் கேட்கப் போட்டோகிராபர்களுக்குச் சங்கம் வேண்டும்.