சாய்ந்தாலும் டீ போட முடியணும்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

தேனி மாவட்டத்துக்காரன் பாய்மரப் படகைப் பற்றி எழுதினால், "தம்பி, நமக்குக் கடல் எங்கேப்பா இருக்கு?" என்றுதான் கேட்பீர்கள். கேளுங்கள் நண்பர்களே. கம்பத்திலிருந்து மலையேறினால் தேக்கடி. அங்கே 2009 செப்டம்பர் 30-ல் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்துவிட்டார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஜனங்கள் எழுந்து பார்க்கத்தானே செய்வார்கள்? அதையும் கணக்குப் பண்ணித்தான் படகு கட்டணும். அந்த ஏரித் தண்ணீரில்தான் நம் பள்ளத்தாக்கு நெல் விளைகிறது. படகு நமக்கு அந்நியமே இல்லை.

சொந்தமாகச் சின்னப் பாய்மரப் படகு கட்டுகிறவர்கள் பல நாட்டிலும் உண்டு. வெளிக்கூடு முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கேபினுக்குள் படுக்கை, அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி வைக்கும் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இதைப் பலர் அலங்காரம் என்கிறார்கள். நான் மறுக்கிறேன்.

1960-களில் மும்பை கொலாபாவில் நம் தச்சர்கள் கைக்கருவிகளால் தேக்கில் செய்த 32 அடிப் படகு 'சுஹைலி'. அதில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22-ல் இங்கிலாந்து திரும்பினார். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர். வழியில் ஒரு பேரலை படகைப் படுக்க வைத்தபோது கேபினே தளத்திலிருந்து அசைந்து, ஓரமெல்லாம் விரிசல் கண்டது. தொட்டியில் இருந்த குடிநீரும் கெட்டது. போல்ட் போட்டு முறுக்கினார், மழைநீர் பிடித்தார், மேலே போனார்.

அதே சுஹைலியைப் பார்த்து கோவாவில் கட்டப்பட்டது 'துரியா'. 2018 செப்டம்பர் 21-ல் இந்தியப் பெருங்கடலில் அதன் பாய்மரம் முறிந்தது. கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமிக்கு முதுகெலும்பில் அடி. நடக்க முடியாமல் கேபின் படுக்கையிலேயே கிடந்தார். 24-ம் தேதி பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கிச் சென்றது. யோசியுங்கள்: படுத்த கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அந்த மூன்று நாளும் ஒரு மனிதனின் உலகம்! அதைத் தீர்மானிக்கிறவன் கேபின் செய்யும் தச்சன்.

எங்கப்பா சின்னமனூரில் கதவு, நிலை செய்யும் ஆசாரி. இந்த வேலையை அவரிடம் சொன்னேன். "ரசமட்டமும் மூலைமட்டமும் அங்கே செல்லாதே" என்றார் உடனே. உண்மை. படகில் நேர்ச்சுவரே கிடையாது. அட்டையை வளைவுக்கு ஏற்ப வெட்டி வெட்டிப் பார்த்துத்தான் பலகை அறுக்கணும். அலமாரி ஓரத்தில் விளிம்புக் கட்டை வேண்டும், இல்லையென்றால் டம்ளர் பறக்கும். படுக்கைக்குத் தடுப்புப் பலகை. அடுப்பு, தொட்டில் மாதிரி ஆடணும்; படகு சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்கும். பேட்டரி, தண்ணீர் போன்ற கனமெல்லாம் அடியில், நடுவில். மேலே ஏற ஏற ஆபத்து. மூலைகளை உருட்டி இழைக்கணும், விழுகிறவன் மண்டை உடையாமலிருக்க. இது அலங்காரமா?

ஆனால் நம்மிடையே நிலைமை என்ன? கார்பென்டரி ஷாப் என்றாலே கேலி. ஒரு கழுந்து, ஒரு துளை, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, அத்தோடு சரி. "ஆசாரி மகன் ஆசாரி வேலை படிக்கவா டிப்ளமோ?" என்று என் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். எங்க வீட்டில் முதல் முதலாகக் காலேஜ் படியேறியவன் நான். அப்பாவின் கையில் இருப்பது படிப்பில்லை என்று சொல்லிக்கொண்டு படியேற எனக்கு மனசில்லை. புவியீர்ப்பு மையம் என்று நாம் கரும்பலகையில் படிப்பதை அவர் கட்டிலைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருக்கு வரைபடம் போடத் தெரியாது, எனக்கு உளி பிடிக்க வராது. இரண்டும் ஒரே பட்டறைக்குள் வந்தால் என்ன?

பேரவைக்கு என் கோரிக்கை இது. இறுதியாண்டு ப்ராஜெக்டை விலைக்கு வாங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, பிளைவுட்டில் ஒரு படகு கேபினை முழு அளவில் செய்வோம். நம் ஊர் ஆசாரி ஒருவரைச் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தர அழைப்போம். முடிந்ததும் அதை முப்பது டிகிரி சாய்த்து நிறுத்தி, தேர்வாளரை உள்ளே உட்கார வைத்து, ஒரு டீ போட்டுக் குடிக்கச் சொல்வோம். சிந்தாமல் குடித்தாரென்றால் மார்க் போடட்டும்.