ரியூனியன் தீவில் கடற்கரை எவருக்குச் சொந்தம்?

எரிமலைத் தீவுக்குச் செல்வோர் எரிமலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். இந்து சமுத்திரத்திலுள்ள ரியூனியனுக்குச் செல்லும் நம்மவர்கள் அத்துடன் இரண்டு கோயில்களையும் தரிசித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அத்தீவு மக்களை அறிய விரும்புபவர் ஒரு வார இறுதியையேனும் அங்குள்ள கடற்கரையில் கூடாரமடித்துக் கழிக்கவேண்டும் என்பேன். பாரிஸில் வாழும் பழைய நண்பர்கள் இருவருடனும், அத்தீவிலேயே பிறந்த தமிழ் வம்சாவளி ஆசிரியர் ஒருவருடனும் எத்தாங் சலே கரையில் சவுக்கு மரங்களின் கீழ் இரண்டு இரவுகள் தங்கிய பின்னரே எனக்கு இக்கருத்து ஏற்பட்டது.

1946 முதல் பிரான்சின் மாவட்டங்களில் ஒன்றாக விளங்கும் இத்தீவின் பரப்பளவு சுமார் 2,512 சதுர கிலோமீற்றர் மட்டுமே. அதன் தென்கிழக்கில் 2,632 மீற்றர் உயரமுள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் இன்னமும் அடிக்கடி குமுறுகிறது. 1977 இல் அதன் எரிகுழம்பு பித்தோன் சென்ட் ரோஸ் கிராமத்துக்குள் புகுந்து தேவாலயத்தின் வாசலோடு நின்றது. 2007 ஏப்ரலில் உச்சியிலுள்ள பெரும் பள்ளம் 300 மீற்றருக்கும் மேலாக உள்ளிறங்கியது. கடலில் வீழ்ந்த குழம்பு புதிய நிலத்தையே உண்டாக்கியது. இவ்வாறு நிலம் பிறந்துகொண்டிருந்தாலும் மனிதர் பாய் விரித்து அமரத்தக்க மணற்கரை மிகக் குறைவு. கரையோரத்தின் பெரும்பகுதி கரும்பாறையும் செங்குத்துச் சரிவுமே. மேற்கில் பவளத்துகள் குவிந்த வெண்மணல். எத்தாங் சலேயிலோ எரிமலைப் பாறை அரைபட்டு வந்த கருமணல். நண்பகலில் அதில் வெறுங்காலுடன் பத்து அடி நடந்து பார்த்தவர்கள் செருப்பைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைப்பார்கள்.

கடலிலும் நினைத்தபடி இறங்க முடியாது. 2011 முதல் சுறாத் தாக்குதல்கள் தொடர்ந்தமையால் 2013 இல் பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற நீரிலும் கண்காணிக்கப்படும் இடங்களிலும் அன்றி வேறெங்கும் குளிக்கத் தடை வந்தது. ஆகவே மக்கள் கடலுக்காக அல்லாமல் கரைக்காகவே வருகிறார்கள். ஞாயிறு விடியுமுன்னரே குடும்பத்தில் ஒருவர் வந்து நல்ல நிழலைப் பிடித்துவைக்கிறார். பின்னர் பெரிய பானைகளும் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் வந்திறங்குகிறார்கள். பானையில் இருப்பது 'காரி', நமது கறிதான். பக்கத்தில் வைக்கும் காரமான 'ருகாய்' நமது ஊறுகாய் என்ற சொல்லிலிருந்து வந்ததென்பர். கீரையில் 'முரூங்' என்றால் முருங்கை. தமிழில் ஒரு வசனமும் பேசத் தெரியாத நண்பர் இந்த மூன்று சொற்களையும் எங்களுக்குப் பரிமாறியபோது பாரிஸ் நண்பர்கள் வாயடைத்துப்போனார்கள். 1848 டிசம்பர் 20 இல் அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னர் கரும்புத் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் அவர்.

எனது கவனத்தை ஈர்த்தது வேறொன்று. பிரெஞ்சு மன்னராட்சிக் காலம் முதல் கரையோரத்தில் 'ஐம்பது அடிவைப்பு' எனப்படும் 81.20 மீற்றர் அகலமான நிலம் அரசுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புக்காக மன்னர் ஒதுக்கிய நிலம் காலப்போக்கில் மக்களின் முற்றமாகிவிட்டது. தோட்ட முதலாளியின் பேரனும் கூலியின் பேரனும் அடுத்தடுத்துப் பாய் விரிக்கக்கூடிய இடம் அத்தீவில் வேறு அதிகமில்லை. யுத்த காலத்தில் எமது வடகரையில் முட்கம்பி எழுந்ததைச் செய்தியாக எழுதிக் களைத்த எனக்கு அதன் பெறுமதி சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்போது அம்முற்றத்துக்கும் நெருக்கடி வந்திருக்கிறது. 2007 இல் மேற்குக் கரையில் கடல்வளக் காப்பகம் அமைக்கப்பட்டது. பவளங்கள் நலிகின்றன, மணல் அரிக்கப்படுகிறது, மிகச் சில கரைகளிலேயே முட்டையிடவரும் பச்சைக்கடலாமைகளை விளக்கு வெளிச்சம் விரட்டுகிறது. ஆகவே ஈஸ்டர் விடுமுறையில் கூடாரம் அடிக்கும் நெடுங்கால வழக்கத்துக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்படுகின்றன. கட்டுப்பாடு தவறென்று நான் கூறமாட்டேன். சவுக்கு வேரின்மேல் மூட்டப்படும் நெருப்பும் விட்டுச்செல்லும் குப்பையும் நான் கண்ணாற் கண்டவை. ஆனால் பவளத்தைக் கொல்வது கூடாரம் மட்டுமல்ல. மலைச்சரிவுகளில் எழும் வீடுகளிலிருந்து மழையோடு இறங்கும் மண்ணும் கழிவுநீரும் ஆண்டு முழுவதும் அதே நீரிற்றான் கலக்கின்றன. கரையிலேயே நிலையாக நின்ற உணவகங்களை அகற்றும் விவகாரமோ நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. கூடாரத்தை அகற்ற ஒரு காவலரும் ஒரு காலைப்பொழுதும் போதும். சீமெந்துத் தளத்துக்குச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். நிர்வாகம் எதிலிருந்து தொடங்கும் என்பதை நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்கு எவரும் விளக்கவேண்டாம்.

பாரிஸ் நண்பர்களில் ஒருவர் இதனை ஏற்கவில்லை. இயற்கை அழிந்த பின்னர் ஏழைக்கும் கரை இராது, முதலில் மனித நடமாட்டத்தைக் குறைக்கட்டும் என்று வாதிட்டார். ஆசிரிய நண்பர் பானையின் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். தமது குடும்பம் ஈஸ்டருக்கு அனுமதிச்சீட்டு எடுக்கவும், நெருப்பின்றி வாயு அடுப்பில் சமைக்கவும், மூன்று இரவுகளை ஒன்றாக்கவும் ஆயத்தம் என்றார். ஆனால் மணலில் போடப்படும் ஒவ்வொரு உணவகக் கதிரைக்கும் அதேபோல ஒரு சீட்டு எழுதப்படவேண்டும், அதனையும் அதே காவலரே வந்து பரிசோதிக்கவேண்டும் என்பது அவரது நிபந்தனை.