ஏப்ரலின் எட்டு நாள்கள்

தமிழ்மொழி விழா நெருங்கிவிட்டால் சிங்கப்பூரில் தமிழாசிரியர் இல்லங்களில் ஒரே கேள்விதான் ஒலிக்கும்: "இந்தச் சனிக்கிழமையாவது வீட்டில் இருப்பீர்களா?" வளர்தமிழ் இயக்கத்தின் முயற்சியால் 2007ஆம் ஆண்டு முதல் ஏப்ரல் மாதத்தில் நடந்துவரும் இவ்விழா நமக்குப் பெருமை சேர்ப்பது என்பதில் எனக்கு மறுகருத்தில்லை. நான் எழுத முற்படுவது, அவ்விழாவுக்குப் பிள்ளைகளை அணியப்படுத்தும் ஆசிரியரின் நேரத்தைப் பற்றி.

நாள்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். 2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஏப்ரல் மாதத்துச் சனி, ஞாயிறு நாள்கள் எட்டே எட்டுத்தான். 2024இல் தமிழ்ப் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. 2025இலும் 2026இலும் ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரலில். 2023இல் பத்து நாள்கள் கிடைத்தன என்றாலும், முதல் மூன்று வாரங்கள் நோன்புக் காலம். 22ஆம் தேதி சனிக்கிழமை நோன்புப் பெருநாள். ஆக, கையில் எஞ்சும் ஆறேழு நாள்களுக்குள் பேச்சுப்போட்டி, சொற்போர், கதைசொல்லுதல், நாடகம், புதிர்ப்போட்டி, கவிதைப் பயிலரங்கு என்று பற்பல அமைப்புகளின் நிகழ்ச்சிகள் அனைத்தும் வந்து குவிகின்றன. அமைப்புகள் பல, அவை அழைக்கும் ஆசிரியர்களோ பெரும்பாலும் அதே ஆசிரியர்கள். காலையில் ஓரிடத்தில் மாணவரை மேடையேற்றுபவரே மாலையில் வேறோரிடத்தில் நடுவராக அமர்கிறார்.

வார நாள்களில் பயிற்சி அளிக்கலாமே என்று பெற்றோர் கேட்பது இயல்பு. நம் பள்ளிகளில் தாய்மொழிப் பாடவேளை அமையும் விதம் பலருக்குத் தெரிந்திருக்காது. ஒரு நிலையைச் சேர்ந்த வகுப்புகளின் சீன, மலாய், தமிழ் மாணவர்கள் ஒரே வேளையில் பிரிந்து செல்ல வேண்டியிருப்பதால், அந்த வேளை பல வகுப்புகளோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ஒருவருக்காக அதை நகர்த்த இயலாது. பள்ளி முடிந்தபின் இணைப்பாட நடவடிக்கை ஒருநாள், ஆசிரியர் கூட்டம் ஒருநாள், கற்றலில் பின்தங்கியோருக்கான வகுப்பு ஒருநாள். எனக்கு உண்மையிலேயே மிஞ்சுவது இரண்டு பிற்பகல்கள்; ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு மூன்று மணி நேரம், நான்கு வாரத்துக்குப் பன்னிரண்டு. (தாள் திருத்துவது இக்கணக்கில் சேரவில்லை, அது இரவின் கணக்கு!)

நான்கு போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம். வீட்டில் தமிழே பேசாத பிள்ளை மேடைக்கு அஞ்சாமல் நான்கு நிமிடம் பேச அது எம்மாத்திரம்? முதல் இரண்டு மணி நேரம் கூச்சம் தெளியவே போய்விடும். ஆகவே ஆசிரியர் என்ன செய்கிறார்? ஏற்கெனவே நன்றாகப் பேசும் பிள்ளையையே நான்கு போட்டிகளுக்கும் அனுப்புகிறார். மேடைதோறும் அதே முகங்களைப் பார்த்து நாம் சலித்துக்கொள்வதற்கு ஆசிரியரின் ஓரவஞ்சனை காரணமன்று. துண்டு துண்டாய் வெட்டப்பட்ட நேரமே காரணம். வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோரின் விழுக்காடு 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3ஆக இருந்து, 2020இல் 2.5ஆகக் குறைந்த ஊரில், மேடை யாருக்கு அதிகம் தேவையோ அப்பிள்ளைதான் வகுப்பிலேயே விடப்படுகிறது.

"மனமிருந்தால் நேரம் கிடைக்கும்" என்று சொல்லும் ஏற்பாட்டாளர்களை நான் அறிவேன். அதை நான் ஏற்பதில்லை. நாகசுரக்காரரிடம் நாள் கேட்டபிறகு முகூர்த்தம் குறித்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மண்டபம் இன்னொன்று கிடைக்கும்; அவர் கிடைக்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். நாமோ மண்டபத்தை முதலில் பதிவு செய்கிறோம், சிறப்பு விருந்தினரிடம் நாள் கேட்கிறோம், கடைசியில் பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறோம். ஓராண்டு, இரண்டு அமைப்புகள் ஒரே சனிக்கிழமை காலையைக் குறித்துவிட்டு, இருவருமே என் மாணவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்றனர். தேசிய நூலகத்துக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் இடையே தொலைவு சிறிது. ஜூரோங்கிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருபவருக்கோ எங்கே போனாலும் முழுக் காலையும் போயிற்று.

பகிர்ந்துகொள்ளும் வழி நமக்குத் தெரியாததன்று. தமிழ் வகுப்பு இல்லாத பள்ளிகளின் மாணவர்கள், பள்ளி முடிந்து, பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குக் குறித்த நாள்களில் வந்து கற்கிறார்கள். 1946இல் தொடங்கி 1982இல் மூடப்பட்ட உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியின் பெயரைத் தாங்கிய இடம் அது. அங்கே ஆசிரியர் பள்ளி பள்ளியாக அலைவதில்லை. நாளும் இடமும் முதலில் உறுதியாகின்றன, மாணவர் வந்து சேர்கின்றனர். விழாவுக்கும் இதையே செய்யலாம். வட்டாரத்துக்கு ஒரு பள்ளி, வாரத்துக்கு ஒரு பிற்பகல், மூன்று நான்கு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட்டுப் பயிற்சி. ஓர் ஆசிரியர் பேச்சை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர் நாடகத்தை. ஓர் ஆசிரியருக்கு ஏப்ரலில் இரண்டு சனிக்கிழமைக்கு மேல் இல்லை என்று அமைப்புகள் தமக்குள் உடன்பட்டு, முந்தைய நவம்பருக்குள் தேதிகளை ஒரே அட்டவணையில் எழுதிவிட வேண்டும். இடம் கிடைக்காத நிகழ்ச்சி ஜூலைக்குப் போகட்டுமே. ஜூலையிலும் தமிழ் தமிழ்தானே!

பெற்றோரிடமும் ஒன்று கேட்பேன். பிள்ளைகளை அழைத்துச் சென்று திரும்பக் கொணர்வதற்குத் தமிழாசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு குழுவுக்கு இரு பெற்றோர் முன்வந்து, பள்ளியின் ஒப்புதலும் கிடைத்தால், ஆசிரியருக்கு ஒரு சனிக்கிழமை மிச்சம்.

2027 ஏப்ரலிலும் சனி, ஞாயிறு எட்டு நாள்களே. ஈஸ்டர் மார்ச் 28இலேயே வந்துவிடுகிறது, புத்தாண்டு புதன்கிழமை. எட்டும் முழுதாய்க் கிடைக்கும் ஆண்டு.