வானத்து மதகும் நம் மாணவரும்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரணாய் நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு, முல்லைப் பெரியாற்றின் மதகு திறக்கும் நாளின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1895 முதல் அந்நீரே நம் வயல்களுக்கு உயிர். அத்தகைய மதகொன்று வானத்திலும் உண்டு என்றால் வியப்பன்றோ?

இடப இராசியில், ஏறத்தாழ ஆறாயிரம் ஒளியாண்டுத் தொலைவில், ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்கள் உள்ளன. ஒன்று, தன்னைச் சுற்றி வாயுத் தட்டினை உடைய பெரிய விண்மீன். மற்றொன்று, இருபது கிலோமீட்டர் அளவே விட்டமுள்ள, எனினும் கதிரவனை விஞ்சும் நிறையுடைய நியூட்ரான் விண்மீன். 103 வினாடிகளுக்கு ஒருமுறை எக்ஸ் கதிராய்த் துடிக்கும் இதனை 1975ஆம் ஆண்டு ஏரியல்-5 செயற்கைக்கோள் கண்டறிந்தது. ‘ஏ 0535+26’ என்பது இதன் பெயர். 111 நாட்களுக்கு ஒருமுறை இது துணைமீனை நெருங்குகிறது. அப்போது தட்டிலுள்ள வாயு மதகு திறந்தாற்போல் இதன்மேல் பாயுமானால், எக்ஸ் கதிர் பொங்கி எழுகிறது. தட்டு மெலிந்திருப்பின் எழுச்சியும் இல்லை; அணை வறண்டால் மதகு திறந்தும் பயனில்லை அல்லவா? 2020 நவம்பரிலோ, நண்டு நெபுலாவைக் காட்டிலும் பத்து மடங்கிற்கு மேல் இது சுடர்விட்டது.

“இவற்றை ஆராய்வது பெருநகரத்தார் பணி, நமக்கேது கருவி?” என்பர் சிலர். அக்கூற்று பொருந்தாது. எக்ஸ் கதிரை நம் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், எத்துணைப் பெரிய தொலைநோக்கியை மலைமேல் நிறுவினும் அது புலப்படாது. விண்ணில் உலவும் கருவிகளே அதனைக் காணும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் நாடு ஏவிய ஆஸ்ட்ரோசாட்டும், 2009 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அமைந்த ஜப்பானின் மாக்ஸி கருவியும் திரட்டிய அளவீடுகள், எவரும் கட்டணமின்றிப் பெறுமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளன. மும்பை மாணவர்க்குக் கிட்டும் அதே எண்கள் உத்தமபாளையத்து மாணவர்க்கும் கிட்டும். 2015இல் ஒப்புதல் பெற்ற பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்தால் நம் மாவட்டத்தில் எழுந்த அச்சத்திற்கும் இங்கு இடமில்லை. இதற்காக எந்த மலையையும் குடைய வேண்டுவதில்லை.

“இது பிழைப்புக்கு உதவுமா?” எனப் பெரியோர் வினவுவது நியாயமே. குவிந்து கிடக்கும் எண்களில் ஒழுங்கினைக் கண்டறியும் பயிற்சி, மருத்துவமனைக்கும் வங்கிக்கும் வேளாண்மைக்கும் ஒருங்கே உதவுவதாகும்.

அதே இடப இராசியில் செம்மையாய் ஒளிரும் உரோகிணியை உலகம் இன்றும் ‘அல்தெபரான்’ என்னும் அரபுப் பெயராலேயே அழைக்கிறது. அவ்வாறு பெயரிட்டோர் இரவெல்லாம் வானை நோக்கினர். நாமோ அப்பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு அமைந்துவிட்டோம்.

ஆதலின், கல்லூரிதோறும் வாரம் ஒரு மணிநேரம் இதற்கென ஒதுக்கப்பெறல் வேண்டும். இயற்பியல் மாணவர் கணக்கிடட்டும். தமிழ் மாணவர் அதனை நல்ல தமிழில் ஏட்டில் பதியட்டும். மார்கழி இரவில் சிறு தொலைநோக்கி வழியே அத்துணைமீனை நேரிலும் காணலாம். வானத்து மதகு எவர்க்கும் அடைக்கப்படவில்லை; நம் வாய்க்காலை நாமே வெட்டிக்கொள்ளல் வேண்டும்.