ஸ்கிரீன்ஷாட் சாட்சி சொல்லாது

நம்ம காலேஜ் லைப்ரரில இருக்கிற ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எதை எடுத்தாலும் நாலாவது அத்தியாயம் ஒரே மாதிரிதான் இருக்கும். சாஃப்ட்வேர் திறந்த ஸ்கிரீன்ஷாட், மெனு விரிஞ்ச ஸ்கிரீன்ஷாட், டயலாக் பாக்ஸ் ஸ்கிரீன்ஷாட், கடைசியா கலர் கலரா ஒரு ரிசல்ட். பைண்டிங் பண்ணி, அட்டையில தங்க எழுத்து போட்டு, அடுக்கி வெச்சிடுவோம். அதுல இருக்கிற எண்ணை இன்னொருத்தர் திரும்ப வரவைக்க முடியுமான்னு வைவாவிலகூட யாரும் கேட்கிறதில்லை.

நான் சொல்ல வர்றது சின்ன விஷயம்தான். அறிவியல் சாஃப்ட்வேரை ஐகான்ல டபுள் கிளிக் பண்ணித் திறக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது. அதையே கமாண்ட் லைன்ல இருந்து திறக்கவும் ஓட்டவும் தெரியணும். கறுப்பு ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்து ரீல்ஸ் போடறதுக்கு இல்லை. நாம என்ன செஞ்சோம்கிறது எழுத்துல நிக்கணும், அதுக்கு.

எங்க டீம் இந்த வருஷம் ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கிட்ட இடம் தெப்பக்காடு. டூர் போனவங்களுக்கு யானை முகாம்தான் ஞாபகம் வரும். 2023-ல ஆஸ்கர் வாங்கின 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவங்களுக்கும் அந்த முகாம் தெரியும். எங்களுக்கு முக்கியம் அங்க இருக்கிற ரோடுகள். முதுமலை புலிகள் காப்பகத்துக்குள்ள, மாயாறு ஓரமா, கூடலூருக்கும் மசினகுடிக்கும் மைசூருக்கும் ரோடு பிரியற இடம் அது. இந்த மூணு ரோட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ள, வருஷா வருஷம் எத்தனை தீப்புள்ளிகளை செயற்கைக்கோள் பார்த்திருக்குன்னு எண்ணணும். அவ்ளோதான் கேள்வி.

டேட்டாவுக்குப் பஞ்சமே இல்லை. ரோடு ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல கிடைக்குது. தீப்புள்ளிகளை நாசாவோட ஃபர்ம்ஸ் தளம் இலவசமா தருது. 2011-ல ஏவின சுவோமி என்பிபி செயற்கைக்கோள்ல இருக்கிற வியர்ஸ் கருவி 375 மீட்டர் துல்லியத்துல பார்க்கும், 2012-ல இருந்து அந்தப் பதிவுகள் இருக்கு. வேலை செய்யறதுக்கு க்யூஜிஐஎஸ். 2002-ல கேரி ஷெர்மன் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் அது. லைசென்ஸ் காசு கிடையாது.

இப்போ மவுஸ்ல செஞ்சா என்ன ஆகும்னு கணக்குப் போடுங்க. ஒரு வருஷத்துக் கோப்பைத் திறக்கணும், நம்பகத்தன்மை குறைஞ்ச புள்ளிகளை வடிகட்டணும், ஆயத்தொலைவு முறையை மாத்தணும், ரோட்டோர பட்டைக்குள்ள விழற புள்ளிகளை மட்டும் பிரிக்கணும், எண்ணணும். அஞ்சு வேலை. 2012-ல இருந்து 2024 வரைக்கும் 13 வருஷம். மொத்தம் 65 தடவை டயலாக் பாக்ஸ். முடிச்சுட்டு நிமிர்ந்தா கைடு வந்து, "ஒரு கிலோமீட்டருக்குப் பதிலா ரெண்டு வெச்சுப் பாருங்களேன்பா"ன்னு சொல்லுவார். சொல்றது நியாயமான கேள்விதான். ஆனா மவுஸ்ல செஞ்சவன் மனசுல அந்த நேரம் என்ன ஓடும்னு உங்களுக்கே தெரியும்! "பண்ணிட்டோம் சார், பெருசா வித்தியாசம் இல்லை"ன்னு சொல்ற ஆசை வரும். எத்தனை ரிப்போர்ட்ல அந்த ஆசை ஜெயிச்சிருக்கோ.

கமாண்ட்ல எழுதி வெச்சிருந்தா 1000-ங்கிற எண்ணை 2000-னு மாத்திட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஆனா நேரம் மிச்சமாகுறது எனக்கு ரெண்டாவது காரணம்தான். முதல் காரணம் வேற. இந்தப் பகுதியைப் பத்தி ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட் எங்க கைக்கு வந்துச்சு. நல்லா உழைச்சிருந்தாங்க, அழகான மேப். ஆனா அதுல இருந்த பரப்பளவு எங்க கணக்கோட ஒத்துப்போகலை. எது சரின்னு கண்டுபிடிக்க வழியே இல்லை, ஏன்னா இருந்ததெல்லாம் ஸ்கிரீன்ஷாட். எந்த ஆயத்தொலைவு முறைல கணக்கிட்டாங்க? டயலாக் பாக்ஸ்ல அந்த வரி பாதி மறைஞ்சிருக்கு. வடிகட்டினாங்களா? தெரியாது. க்யூஜிஐஎஸ்லயே பரப்பைக் கணக்கிட ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பூமியோட வளைவைக் கணக்குல எடுக்கும், இன்னொண்ணு தட்டையான தாள்ல அளக்கிற மாதிரி அளக்கும். அவங்க எதைத் தொட்டாங்கன்னு அவங்க விரலுக்குத்தான் தெரியும், அவங்களோ படிச்சு முடிச்சு வேலைக்குப் போயாச்சு.

இது ஏன் தெப்பக்காட்டுல முக்கியம்னு சொல்றேன். யூடிஎம்-ங்கிற ஆயத்தொலைவு முறை பூமியை 6 டிகிரி அகலத்துக்கு மண்டலம் மண்டலமா வெட்டும். 78 டிகிரி தீர்க்கரேகையில ஒரு வெட்டு. அது தமிழ்நாட்டை மேலிருந்து கீழா ரெண்டாப் பிளக்குது. சென்னை, மதுரை, சேலம் எல்லாம் 44-வது மண்டலம். கோயம்புத்தூரும் நீலகிரியும் 43-வது. தெப்பக்காடு 76.58 டிகிரியில இருக்கு. சென்னைப் பக்கம் யாரோ செஞ்ச ப்ராஜெக்ட்டைப் பார்த்து அதே 32644-ங்கிற குறியீட்டை இங்கயும் வெச்சா, சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை பேசாது. மேப் வரும், அழகாவும் வரும். தட்டையா அளந்தா பரப்பு மட்டும் சுமார் அரை சதவீதம் கூடிடும். அரை சதவீதம்தானேன்னு தோணும். 321 சதுர கிலோமீட்டர் முதுமலைக்கு அது ஒன்றரை சதுர கிலோமீட்டருக்கு மேல வரும்.

இதே தப்பு கமாண்ட்ல நடந்திருந்தா? 32644-னு அந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கும். படிக்கிற யாரா இருந்தாலும், "தம்பி, இது 43 ஆச்சே"ன்னு விரலை வெச்சுக் காட்டலாம். தப்பு கமாண்ட்லயும் நடக்கும், மவுஸ்லயும் நடக்கும். ஆனா கமாண்ட்ல நடந்த தப்பைப் பிடிக்க முடியும்.

ஒரே மாதிரி திரும்பச் செய்யறதுக்கு எவ்ளோ மதிப்புன்னு புரிய முதுமலையையே பார்க்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். சுகுமார் குழு 1988-ல முதுமலைக்குள்ள 50 ஹெக்டேர் காட்டை அளந்து ஒரு நிரந்தர ஆய்வுத் திடல் போட்டாங்க. ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இருந்த ஒவ்வொரு தண்டுக்கும் நம்பர் தகடு, வரைபடத்துல ஒரு புள்ளி. சுமார் 25 ஆயிரம் தண்டுகள்! அதுக்கப்புறம் வருஷா வருஷம் எது செத்துச்சு, எது புதுசா முளைச்சுதுன்னு பார்க்கிறாங்க. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தடிமனை அளக்கிறாங்க, மார்பளவு உயரத்துல, அதே முறையில. அப்படி அளந்ததாலதான் கிடியா மரமும் வலம்புரியும் யானைக்குத் தீனியாகி எப்படிக் குறைஞ்சுதுன்னு சொல்ல முடிஞ்சுது. ஒரு வருஷம் ஒருத்தர் இடுப்பு உயரத்துலயும், அடுத்த வருஷம் இன்னொருத்தர் தோள் உயரத்துலயும் டேப் சுத்தியிருந்தா, அத்தனை உழைப்பும் வெறும் எண் குவியல் ஆகியிருக்கும்.

அந்தத் திடல் போட்டப்போ க்யூஜிஐஎஸ்ஸும் இல்லை, நாமளும் பிறக்கலை. அங்க ஒரு மரத்தை அளக்கிறதுக்கு இருக்கிற கட்டுப்பாடு, ஏசி லேப்ல உட்கார்ந்து ஒரு புள்ளியை எண்ணுற நமக்கு ஏன் இல்லை?

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? விண்டோஸ்ல சாதாரண கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து க்யூஜிஐஎஸ்னு அடிச்சா, அப்படி ஒரு கமாண்டே இல்லைன்னு வரலாம். பயப்பட ஒண்ணும் இல்லை. சாஃப்ட்வேர் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு அதுக்குத் தெரியலை, அவ்ளோதான். இன்ஸ்டால் பண்ணும்போதே ஸ்டார்ட் மெனுல ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல்னு ஒண்ணு வந்திருக்கும், அதைத் திறங்க, வழியெல்லாம் அதுல செட் ஆகியிருக்கும். லினக்ஸ்ல நேரா டெர்மினல் போதும்.

பேரை மட்டும் அடிச்சா சாஃப்ட்வேர் வழக்கம்போலத் திறக்கும். பேருக்குப் பின்னாடி ரெண்டு ஹைஃபன் போட்டுச் சேர்க்கிற சொற்கள்லதான் விஷயம் இருக்கு. 'ப்ராஜெக்ட்'னு போட்டுக் கோப்பு பேரைக் கொடுத்தா நேரா அந்த மேப் திறக்கும். 'எக்ஸ்டென்ட்' போட்டு நாலு எண் கொடுத்தா தெப்பக்காட்டுக்கே போய் நிக்கும் (தீர்க்கரேகை முதல்ல, அட்சரேகை பின்னாடி, மாத்திப் போட்டா வேற எங்கயோ நிப்பீங்க). 'ஸ்னாப்ஷாட்' போட்டா மேப்பைப் படமா சேமிச்சுத் தரும். 'ப்ரொஃபைல்' போட்டுத் தனிப் பேர் கொடுத்தா, லேப்ல உங்களுக்கு முன்னாடி உட்கார்ந்தவர் கலைச்சு வெச்ச செட்டிங்ஸ் உங்களைத் தொடாது. ஏதோ ஒரு பிளக்இன் திறக்கும்போதே கவுத்துவிடுதுன்னா 'நோபிளக்இன்ஸ்'.

டபுள் கிளிக் பண்ணினா கர்சர் ரெண்டு சுத்து சுத்திட்டு ஒண்ணுமே ஆகாம நிக்கும், பார்த்திருப்பீங்க. அதையே டெர்மினல்ல இருந்து திறங்க. எந்த லைப்ரரி கோப்பு இல்லை, எந்த இடத்துல நின்னுச்சுன்னு ரெண்டு வரியாவது பெரும்பாலும் எழுதிட்டுத்தான் சாகும். அந்த ரெண்டு வரியைப் படிக்க நம்மள்ல பலருக்குப் பயம். இங்கிலீஷ் மீடியத்துல பன்னிரண்டு வருஷம் படிச்ச எனக்கும் அந்த இங்கிலீஷ் வேற இங்கிலீஷ் மாதிரிதான் இருந்துச்சு. கடைசி வரியை மட்டும் முதல்ல படிங்க. முக்கால்வாசி நேரம் விஷயம் அங்கதான் இருக்கும்.

சாஃப்ட்வேர் ஜன்னலே திறக்காம வேலையை மட்டும் முடிக்கவும் வழி இருக்கு. 2020-ல க்யூஜிஐஎஸ்ஸோட 'க்யூஜிஐஎஸ் பிராசஸ்'னு தனி கமாண்ட் வந்துச்சு. எந்த வேலை, எந்தக் கோப்பு, எவ்ளோ தூரம், எங்க சேமிக்கணும்னு நாலு விஷயம் சொன்னா போதும். மனப்பாடம் பண்ணத் தேவையில்லை. ஒரு தடவை மவுஸ்ல செய்யுங்க. புது வெர்ஷன்ல அதே டயலாக் பாக்ஸ்லயே இதைக் கமாண்டா நகலெடுக்கிற பட்டன் இருக்கு. நகலெடுத்து, கோப்புப் பேரை மட்டும் மாத்தி மாத்தி ஒரு நோட்பேட் கோப்புல அடுக்குங்க. உங்க ப்ராஜெக்ட்டோட உண்மையான நாலாவது அத்தியாயம் அதுதான்.

மத்த டிபார்ட்மென்ட் மக்கள் சிரிக்க வேண்டாம், உங்க கதையும் இதேதான். மேட்லேப்ல 2019-ல இருந்து 'பேட்ச்'னு ஒரு வழி இருக்கு: ஸ்கிரிப்ட்டை ஓட்டும், தப்புன்னா சொல்லும், தானா மூடிக்கும். ஐஐடி பாம்பே ஃபாஸி திட்டம் நம்ம காலேஜ்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற சைலேப்பையும் ஜன்னல் இல்லாம ஓட்டலாம்.

எதிர்த்துச் சொல்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு. மேப்ங்கிறது கண்ணால பார்க்க வேண்டியது. முதுமலை பெரும்பாலும் இலையுதிர் காடு. கோடையில மொட்டையா நிக்கிறதை அக்டோபர் படத்தோட ஒப்பிட்டு, பச்சை அழிஞ்சுதுன்னு கமாண்ட் எண் கொடுத்துட்டுப் போயிடும். படத்தை வெச்சுப் பார்க்கிற கண்ணுதான் 'இரு, இது எந்த மாசம்?'னு கேட்கும். வியர்ஸ் புள்ளி உண்மையில புள்ளியே இல்லை, 375 மீட்டர் கட்டத்தோட நடு. ரோட்டுல இருந்து 100 மீட்டர்னு பட்டை போட்டு எண்ணினா கணக்கு வரும், அர்த்தம் வராது. தப்பை 13 தடவை வேகமாச் செய்யவும் கமாண்ட் உதவும்னு சொல்றதும் உண்மைதான். அதனால மவுஸைத் தூக்கிப் போடச் சொல்லலை. பார்க்கிறதுக்கு ஜன்னல், செய்யறதுக்குக் கமாண்ட்னு நாங்க பிரிச்சுக்கிட்டோம்.

டிபார்ட்மென்ட்டுக்கு என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. ரிப்போர்ட்ல ஸ்கிரீன்ஷாட்டுக்கு இருபது பக்கம் ஒதுக்கறதுக்குப் பதிலா, ஓட்டின கமாண்ட் எல்லாத்தையும் கடைசியில ரெண்டு பக்கத்துக்குப் போடச் சொல்லுங்க. வைவாவுக்கு வர்றவர் அதுல ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, "இதை இப்போ ஓட்டிக் காட்டு"ன்னு கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பாதி பேர் ஒழுங்கா செய்வாங்க, நான் உட்பட.

எங்க கமாண்ட் கோப்பு 80 வரிக்குள்ளதான் இருக்கு. வடிகட்டின விதி, மண்டல எண், தூரம் எல்லாம் மேல நாலு வரியில தமிழ்லயே குறிப்பா எழுதியிருக்கோம். மூணாம் வருஷப் பசங்க ரெண்டு பேர் இப்பவே கேட்டு வாங்கிட்டாங்க. கோடைத் தீக்காலம் முடிஞ்சு இந்த வருஷத்துப் புள்ளிகள் வந்ததும் 14-வது வருஷத்தைச் சேர்த்து ஓட்டப்போறாங்களாம். வேற யாருக்காவது வேணும்னா டிபார்ட்மென்ட் லேப்ல ஜன்னலோர சிஸ்டத்துல 'தெப்பக்காடு'ங்கிற ஃபோல்டர்ல இருக்கு.