வீட்டோட தங்குற வேலைக்கும் மணிக்கணக்கு வேணும்

களை எடுக்க ஆள் கூப்பிட்டா அதுக்கு ஒரு நேரம் உண்டு. நடுவுல டீ உண்டு. நேரம் தாண்டினா "போதுங்க"ன்னு கரையேறிடுவாங்க. அது நியாயம். ஆனா ஞாபகம் தவறிப்போன பெரியவங்களைப் பார்த்துக்க வீட்டோட தங்குற பொம்பளைங்களுக்கு மட்டும் எந்த நேரக் கணக்கும் கிடையாது. இது சரியில்லைங்கிறது என் கருத்து.

எங்க பக்கத்துல காட்டு வேலைக்குப் போயிட்டிருந்த நாலஞ்சு பேரு இப்ப இந்த வேலைக்குப் போறாங்க. எல்லாம் ஐம்பது தாண்டினவங்க, குனிஞ்சு வேலை செய்ய முட்டி ஒத்துக்காதவங்க. சிலர் ஏஜென்சி மூலமா கோயமுத்தூர் போறாங்க. சிலர் பக்கத்துத் தோட்டத்து வீட்டுலயே தங்குறாங்க. பிள்ளைங்க வெளியூர்ல. அவ்வளவு பெரிய வீட்டுல பெரியவரும் இந்த அக்காவும் மட்டும்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "வயசானா அப்படித்தான்"னு நம்ம ஊர்ல சொல்றது தப்பு. டிமென்ஷியாங்கிறது மூளையைப் பாதிக்கிற நோய். அதுல அதிகமா வர்றது அல்சைமர். 2023ல வெளிவந்த ஒரு ஆய்வு, நம்ம நாட்டுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இது இருக்கும்னு கணக்கு சொல்லுது. டவுனைவிட கிராமத்துல விகிதம் அதிகம். தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைவு மாதிரி காரணத்தாலயும் மறதி வரலாம். அதெல்லாம் வைத்தியத்துல சரியாக வாய்ப்பு உண்டு. அதனால டாக்டர்கிட்ட காட்டாம நாமளே முடிவு கட்டக் கூடாது.

இப்ப அந்த வேலைக்கு வருவோம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, "கரண்ட் வந்துருச்சு, தண்ணி கட்டணும்"னு கிளம்பிடுவார். த்ரீ பேஸ் ராத்திரியில வந்த காலத்துல வருஷக்கணக்கா செஞ்ச வேலை, உடம்பு மறக்கல. அந்த நிலத்தை சைட்டு போட்டு வித்து ரொம்ப நாளாச்சு. மகன் போன்ல, "அதான் வித்தாச்சேப்பா"ன்னு சொன்னா இவருக்குக் கோபம் ஏறும், கம்பை எடுப்பார். பார்த்துக்கிற அக்கா அப்படிச் சொல்றதில்லை. டார்ச் எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க. "மடை திருப்பியாச்சுங்க ஐயா, விடிஞ்சதும் போய்ப் பார்க்கலாம்"னு சொல்லிக் கூட்டிட்டு வந்து படுக்க வெப்பாங்க. இந்த நோய்ல வாதாடி ஜெயிக்க முடியாதுன்னு அவங்க பழகித் தெரிஞ்சுக்கிட்டாங்க. இது சாதாரண கெட்டிக்காரத்தனம் இல்லைங்க.

ஆனா அந்த அக்கா எப்ப தூங்குறது? அஞ்சு மணிக்குப் பால்காரர் வந்துடுவார். அப்புறம் குளிக்க வைக்கணும், ஊட்டணும், துணி மாத்தணும். சாயங்காலம் ஆனா சிலருக்குப் பதட்டம் இன்னும் கூடும்.

இதைக் கேட்டா, "நாங்க வீட்டு ஆள் மாதிரிதான் வெச்சிருக்கோம்"ங்கறாங்க. வீட்டு ஆளு களைச்சா இன்னொருத்தர்கிட்ட விட்டுட்டு ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வரலாம். இவங்க சொந்தப் பேத்தியோட சீருக்கே லீவு கேட்டுக் கெஞ்சணும். இன்னொண்ணு, "என் காசைத் திருடிட்டா"ன்னு பெரியவங்க சொல்றது இந்த நோயோட ஒரு குணம். வெச்ச இடம் மறந்துபோகும், பழி பக்கத்துல இருக்கிறவங்க மேல விழும். அதைக் கேட்டுட்டு அந்த அம்மாவோட பையைச் சோதிக்கிறது பெரிய பாவம்.

செலவுக் கணக்கும் எனக்குத் தெரியும். பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர்னு வைக்க எல்லாராலயும் முடியாது. அப்படின்னா வாரத்துல ஒரு நாள், ஒரு ராத்திரி, மகனோ மகளோ மருமகனோ வந்து இருக்கட்டும். வீட்டு வேலை செய்யறவங்களுக்கு வாரம் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011லயே உடன்படிக்கை போட்டாச்சு. இந்தியா அதை இன்னும் உறுதி செய்யல. அரசாங்கம் செய்யற வரைக்கும் நாம காத்திருக்கணுமா?

அரசாங்கத்துக்கும் ஒரு கோரிக்கை உண்டு. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வர்றாங்க. நல்ல திட்டம். அதே ஆளுங்க ஞாபகத்தைப் பத்தியும் நாலு கேள்வி கேட்கட்டும். பார்த்துக்கிறவங்களுக்குத் தூக்கிப் படுக்க வைக்கிற முறையையும் சொல்லித் தரட்டும். இடுப்பு போனா அவங்க பொழப்பும் போச்சு.

ஆள் வைக்கப் போறவங்க சம்பளம் பேசும்போதே தூக்கம், வார லீவு, தனியாப் படுக்க ஒரு இடம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடறது, இந்த நாலையும் பேசிடுங்க. ஏஜென்சி எவ்வளவு பிடிச்சுக்குதுன்னும் கேளுங்க. பேசினதை ஒரு தாள்ல எழுதி அந்த அம்மா கையிலயும் ஒண்ணு கொடுங்க. தூக்கம் கெட்ட ஆளால பொறுமையாப் பார்த்துக்க முடியாது. அவங்க அசந்துபோற நேரத்துல கிணத்துப் பக்கம் நடந்து போறது நம்ம ஐயனோ ஆத்தாவோதான்.