எந்த இரண்டு முக்கோணங்கள்?

குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் முன் கொத்தனார் என்ன செய்கிறார் என்பதை வடிவியல் நடத்தும் ஆசிரியர் ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் முளையடித்து நூல் கட்டுகிறார். முன்னும் பின்னும் 30 அடி, பக்கவாட்டில் 20 அடி 20 அடி என்று டேப் பிடித்துச் சரிபார்க்கிறார். அதோடு விடுவதில்லை. சித்தாளை எதிர்மூலைக்கு அனுப்பி, மூலைக்கு மூலை குறுக்களவு எடுக்கிறார். பிறகு மற்றக் குறுக்களவு. இரண்டும் 36 அடி முக்கால் அங்குலத்தை ஒட்டி வந்தால்தான் சுண்ணாம்புக் கோடு விழும். ஒன்று 35 அடியும் மற்றது 37 அடி 1 அங்குலமும் வந்தால் முளையைப் பிடுங்கி நகர்த்துகிறார். பக்கங்கள் நான்கும் கச்சிதமாக இருந்தும் மனை சாய்ந்து கிடக்கிறது என்று அவருக்கு அந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

1968இல் ஆரோவில் தொடங்கியதிலிருந்து குயிலாப்பாளையம், எடையன்சாவடி போன்ற சுற்று ஊர்களில் கட்டட வேலை பலருக்குப் பிழைப்பாகிவிட்டது. நம் வகுப்பில் சர்வசம முக்கோணம் படிக்கும் பிள்ளைகளில் சிலருடைய அப்பா இந்த நூலைக் கட்டுகிறவர். அவர் செய்வது சரி என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஏன் சரி என்பதைச் சொல்லக்கூடிய இடம் நம் வகுப்பறை. அந்த ஏன் என்ற கேள்விக்குப் பதில் முழுக்க முழுக்க ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதியில் இருக்கிறது.

மூலைகளுக்கு வரிசையாக அ, இ, உ, எ என்று பெயர் வைப்போம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம், இரண்டு குறுக்குகளும் சமம். இந்தப் படத்தில் எத்தனை முக்கோணங்கள் ஒன்றோடொன்று சர்வசமம்? இரண்டு என்று மாணவர் சொல்வார். ஒரு குறுக்கு நாற்கரத்தை இரண்டாக வெட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் அஇஉ, இஅஎ, உஎஅ, எஉஇ என்ற நான்குமே சர்வசமம். ஒவ்வொன்றுக்கும் 30 அடிப் பக்கம் ஒன்று, 20 அடிப் பக்கம் ஒன்று, குறுக்கு ஒன்று. ப-ப-ப நிறைவேறுகிறது. குறுக்குக்கு எதிரே இருக்கும் கோணம் ஒவ்வொரு முக்கோணத்திலும் மனையின் ஒரு மூலை. ஆகவே நான்கு மூலைகளும் சமம். நாற்கரத்தின் கோணங்களின் கூடுதல் 360 பாகை. ஒவ்வொரு மூலையும் 90 பாகை. இணைகோடுகளைப் பற்றி ஒரு சொல்கூட எடுக்காமல் நிரூபணம் முடிந்துவிட்டது.

பக்கங்களை அளக்காமல் குறுக்குகளை மட்டும் பார்த்தால் போதாதா என்று ஒரு பிள்ளையாவது கேட்பாள். கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 28 அடி, பக்கவாட்டு இரண்டும் சமமாக இருக்கும் இருசமபக்கச் சரிவகத்திலும் குறுக்குகள் சமமாகத்தான் வரும். கொத்தனார் முதலில் பக்கங்களைச் சரிபார்ப்பது பழக்கத்துக்காக அல்ல. நிரூபணத்தில் எந்தத் தரவை எடுத்தால் எது விழும் என்று பார்ப்பதுதான் வடிவியல் பயிற்சியின் உயிர். அதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் அறியேன்.

இந்தப் படத்தை நாம் வகுப்பில் எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் என் கவலை. ‘முக்கோணம் அஇஉவும் முக்கோணம் இஅஎவும் சர்வசமம் என நிரூபி’ என்று கொடுக்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் முக்கோணங்களில் எதை எதோடு சேர்ப்பது என்று தேடும் வேலையை வினாவே செய்துவிடுகிறது. மாணவருக்கு மிஞ்சுவது மூன்று சமன்பாடுகளை எழுதி, கடைசியில் ப-ப-ப என்று முத்திரை குத்துவது. பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேற்றங்களைக் கூற்று, காரணம் என்று கட்டம் போட்டு எழுதும் முறை நல்ல முறைதான்; ஒவ்வொரு வரிக்கும் பொறுப்புக் கேட்கிறது. ஆனால் கட்டத்தை நிரப்புவதற்கு முன் நடக்க வேண்டிய தேடல் எந்தக் கட்டத்திலும் இல்லை. நாம் சொல்லிக்கொடுக்காத அந்த வேலையைப் பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொண்டு வருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஏழாம், எட்டாம் வகுப்புகளில் சர்வசமம் அறிமுகமாகிறது. ஒன்பதில் வட்டத்தின் மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து நாணை இருசமமாக வெட்டும் என்று காட்ட, படத்தில் இல்லாத இரண்டு ஆரங்களை மாணவர் தாமே வரைந்து, தாமே இரண்டு முக்கோணங்களை உண்டாக்கி, செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) சொல்ல வேண்டும். சேர்க்க வேண்டிய முக்கோணங்களை ஒருமுறையும் தேடிப் பழகாத பிள்ளை அங்கே மனப்பாடத்தில் இறங்குகிறது. அதைச் சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

எழுத்துகளின் வரிசையும் இதே தேடலைச் சேர்ந்ததுதான். அஇஉ ≅ இஅஎ என்று எழுதினால் இஉ, அஎ என்னும் 20 அடிப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒத்தவை. குறுக்கும் குறுக்கும் ஒத்தவை. அஇஉ ≅ அஇஎ என்று எழுதிவிட்டால் 20 அடிப் பக்கம் 36 அடிக் குறுக்குக்குச் சமம் என்று சொன்னதாகிறது. இதைச் சிறு பிழை என்று அரை மதிப்பெண் குறைத்து விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. எதன்மேல் எது பொருந்துகிறது என்பதே சர்வசமம். வரிசை தப்பினால் சொன்ன செய்தியே தப்பு.

இதை உறைக்கச் செய்ய ஒரு சோடி முக்கோணங்கள் போதும். ஒன்றின் பக்கங்கள் 8, 12, 18 செ.மீ. மற்றதன் பக்கங்கள் 12, 18, 27 செ.மீ. முதலாவதன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்றரை மடங்காக்கினால் இரண்டாவது வரும். எனவே மூன்று கோணங்களும் சமம். 12, 18 என்ற இரண்டு பக்கங்களும் இரண்டிலும் இருக்கின்றன. ஆறு உறுப்புகளில் ஐந்து சமம். ஆனாலும் சர்வசமம் இல்லை. ஐந்து பொருந்தியபின் ஆறாவது எங்கே போய்விடும் என்று நினைக்கும் வகுப்பு இதை வரைந்து பார்க்கும்போது மௌனமாகும். சமமான பக்கங்கள் சமமான கோணங்களுக்கு எதிரே இல்லை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் சர்வசமமும் வடிவொத்தலும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், இரண்டையும் இணைக்க இதுவே நல்ல இடம்.

விதிகளை எந்த வரிசையில் கொடுப்பது? நான்கு விதிகளையும் பலகையில் எழுதிவிட்டுப் பயிற்சிக்குப் போகும் முறையை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. வரைதலில் தொடங்குவோம். ஒரு முக்கோணத்தை வேறு மாதிரி வரைய முடியாதபடி கட்டிப்போட எவ்வளவு செய்தி வேண்டும் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். மூன்று கோணங்கள் கொடுத்தால் ஆளுக்கொரு அளவில் வரைந்து நிற்பார்கள். மூன்று பக்கங்கள் கொடுத்தால் எல்லார் தாளிலும் ஒரே முக்கோணம்.

அடுத்து ப-ப-கோ. 30 பாகைக் கோணம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். ஒரு கையில் உச்சியிலிருந்து 8 செ.மீ. குறிக்கட்டும். அந்தப் புள்ளியில் கவராயத்தை ஊன்றி 5 செ.மீ. ஆரத்தில் வில் வீசினால் மறு கையை இரண்டு இடங்களில் வெட்டும்: உச்சியிலிருந்து சுமார் 3.9 செ.மீ., சுமார் 9.9 செ.மீ. ஒரே தரவு, இரண்டு முக்கோணங்கள். வகுப்பில் பாதிப் பேர் ஒன்றையும் பாதிப் பேர் மற்றதையும் வரைந்திருப்பார்கள். தாளை மாற்றிப் பார்த்துக்கொள்ளட்டும். ஆரத்தை 4 செ.மீ. ஆக்கினால் வில் தொட்டுவிட்டுப் போகும், 3 செ.மீ. என்றால் எட்டவே எட்டாது. கொடுத்த கோணத்தை 90 பாகையாக்கி, 8 செ.மீ.க்கு மேற்பட்ட ஆரத்தில் வில் வீசினால் மறு கையை ஒரே இடத்தில்தான் வெட்டும். அதுதான் செ-க-ப. ப-ப-கோ ஏன் கூடாது, செ-க-ப மட்டும் ஏன் கூடும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே கவராயம் பதில் சொல்லிவிடுகிறது.

பக்கத்து எடையன்சாவடியில் உள்ள உதவி பள்ளியிலும், இசை அம்பலம் பள்ளியிலும் நடக்கும் ‘ஸ்டெம் லேண்ட்’ என்ற கற்றல் கூடத்தில் பிள்ளைகள் தங்கள் இலக்கைத் தாங்களே வகுத்துக்கொண்டு ஜியோஜீப்ரா, ஸ்கிராட்ச் போன்ற மென்பொருள்களில் கணிதம் செய்கிறார்கள். இந்த வில்லை ஜியோஜீப்ராவில் போட்டு ஆரத்தை இழுத்தால் இரண்டு முக்கோணங்கள் நெருங்கி, ஒன்றாகி, மறைவதைத் தொடர்ச்சியாகக் காணலாம். தாளில் அது கிடைக்காது. அதே நேரம், இழுத்துப் பார்த்தேன், எப்போதும் சரியாக வந்தது என்பது நிரூபணம் ஆகாது என்பதையும் அந்தத் திரைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

காகிதம் வெட்டுவதற்கும் இது பொருந்தும். ஒரு முக்கோணத்தை வெட்டி இன்னொன்றின் மேல் வைத்துப் பொருந்துகிறது பார் என்று காட்டுகிறோம். காட்டலாம், நம்பிக்கை பிறக்கும். அதை ப-கோ-ப விதியின் நிரூபணம் என்று சொல்லக்கூடாது. யூக்ளிட் தம் நூலின் முதல் பகுதி நான்காம் கூற்றில் ஒரு முக்கோணத்தை எடுத்து மற்றொன்றின் மேல் வைக்கும் முறையையே கையாண்டார். 1557இல் பிரெஞ்சு அறிஞர் ழாக் பெலத்தியே இதை மறுத்தார்: வடிவத்தை நகர்த்துவது வடிவியலில் சேராது என்பது அவர் வாதம். 1899இல் ஹில்பர்ட் வடிவியலுக்குப் புது அடித்தளம் போட்டபோது ப-கோ-ப விதியின் சாரத்தை எடுகோளாகவே வைத்தார். பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்பு நூலும் அதை எடுகோளாக ஏற்றுக்கொண்டு, கோ-ப-கோ விதியை அதிலிருந்து நிரூபித்தது. ‘இதை ஏற்றுக்கொள்கிறோம், மற்றவற்றை இதிலிருந்து பெறுகிறோம்’ என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்வதில் ஆசிரியருக்குக் குறைவில்லை. எதை ஏற்றோம், எதை நிறுவினோம் என்ற கணக்கு வகுப்பில் தெளிவாக இருந்தால், பிற்பாடு எந்த நிரூபணத்தையும் அவர்கள் மதிப்பார்கள்.

சர்வசமம் கருவியாகும் இடங்களை இன்னும் கொஞ்சம் வெளியே கொண்டுபோகலாம். ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணில் மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்கள் இருக்கின்றன. எதிர்க்கரைக்குப் போகாமல் அகலத்தை அளக்க முடியுமா? எதிர்க்கரையில் ஒரு முந்திரி மரத்தைக் குறிவைத்து, நேர் எதிரே இந்தக் கரையில் ஒரு குச்சி. அங்கிருந்து செங்குத்தாகக் கரையோரம் 10 மீட்டர் நடந்து இன்னொரு குச்சி, அதே திசையில் இன்னும் 10 மீட்டர் நடந்து மூன்றாவது. அங்கிருந்து பள்ளத்துக்கு முதுகு காட்டிச் செங்குத்தாக நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தால், நடுக் குச்சியும் மரமும் ஒரே நேர்க்கோட்டில் வரும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் குச்சியிலிருந்து அந்த இடம் வரை உள்ள தூரமே முதல் குச்சிக்கும் மரத்துக்கும் இடையிலான தூரம்: இரண்டு செங்கோணங்கள், சமமான 10 மீட்டர்கள், நடுவில் குத்தெதிர்க் கோணங்கள், கோ-ப-கோ. விளிம்பு மண் சரியும். முதல் குச்சியை நாலைந்து மீட்டர் உள்ளே தள்ளி நட்டு, கடைசியில் அதைக் கழித்துவிடலாம். மரம் விளிம்பிலிருந்து உள்ளே நின்றால் அதையும். கடலில் நிற்கும் கப்பலின் தூரத்தைத் தேல்ஸ் கணித்த முறைக்கு இந்தக் கோ-ப-கோ தேற்றம் தேவைப்பட்டிருக்கும் என்று பண்டைக் கிரேக்க அறிஞர் யூடெமஸ் கருதியதை, யூக்ளிட் நூலுக்கு உரை எழுதிய ப்ரோக்ளஸ் பதிவு செய்திருக்கிறார்.

பொதுத்தேர்வு வினாத்தாள் நம் கையில் இல்லை. ஏழு முதல் ஒன்பது வரையிலான வகுப்புத் தேர்வுகளின் வினாக்கள் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கின்றன. அடுத்த தேர்வில் முக்கோணங்களின் பெயரைக் குறிப்பிடாத வினா ஒன்றை வையுங்கள். ‘இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்று காட்டு, படத்தில் புதிய கோடு எதுவும் வரையக்கூடாது’ என்று கேட்டுப் பாருங்கள். பாப்பஸ் சொன்னதாக ப்ரோக்ளஸ் தரும் நிரூபணம் இரண்டே வரி: அஇ = அஉ என்றால், அஇஉ என்ற முக்கோணத்தை அஉஇ என்ற முக்கோணத்தோடு ஒப்பிடு; ப-கோ-ப. ஒரே முக்கோணம், இரண்டு வரிசையில் வாசிக்கப்படுகிறது. இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் மாணவர் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். காணாதவர்களும் ‘இங்கே இரண்டாவது முக்கோணம் எங்கே?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

விடைத்தாள்களில் வந்ததைத் திருத்தாமல், பிள்ளைகள் எழுதியபடியே, பெயர் நீக்கி இந்த இதழுக்கு அனுப்புங்கள். சரியானதைப் போலவே தவறிய முயற்சிகளும் எங்களுக்கு வேண்டும். எந்த இடத்தில் எந்த முக்கோணத்தைத் தேடிப் போனார்கள் என்பது அவற்றில்தான் தெரியும்.